முழங்கால் மூட்டுக்கு மறு ஆபரேஷன்: விலை வரம்பும் காப்பீடும்

மாற்றி வைத்த முழங்கால் மூட்டு பெரும்பாலானவர்களுக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் தாங்கும். சிலருக்கு அதற்கு முன்பே கிருமித் தொற்று வந்துவிடும், உலோகப் பாகம் எலும்பிலிருந்து தளர்ந்து ஆடும், அல்லது நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு தேய்ந்துவிடும். அப்போது செய்வதுதான் ‘ரிவிஷன்’ எனப்படும் மறு ஆபரேஷன். எலும்பு குறைந்துபோயிருந்தால் நீளமான தண்டு வைத்த பாகங்கள் தேவைப்படும். செலவும் ஏறும்.

இங்கேதான் விலை வரம்பு கைகொடுக்கிறது. 2017 ஆகஸ்ட்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் இம்பிளாண்டுகளுக்கு, அதாவது உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டுகளுக்கு, உச்சவிலை வைத்தது. சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற சாதாரண கோபால்ட் குரோமியம் உலோகக் கலவை மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது. மறு ஆபரேஷனுக்கான இம்பிளாண்ட் 2,76,869 ரூபாயிலிருந்து 1,13,950 ரூபாய் ஆனது. ஜிஎஸ்டி தனி. வரம்பைப் பிறகு நீட்டித்திருக்கிறார்கள், விலையும் திருத்தப்படலாம். அதனால் ஆபரேஷனுக்கு முன் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வரம்பு இம்பிளாண்டுக்கு மட்டும்தான். டாக்டர் கட்டணம், தியேட்டர், அறை வாடகை எதற்கும் இது பொருந்தாது. ‘பேக்கேஜ்’ என்று மொத்தமாக ஒரே தொகை சொன்னால் வரம்பு மீறப்பட்டதா என்பது தெரியாமலே போய்விடும். அதனால்தான் இம்பிளாண்டின் விலை, பிராண்டு, தயாரிப்பாளர், பேட்ச் எண் ஆகியவற்றை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்று ஆணையம் விதித்திருக்கிறது. தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. கூடுதலாக வாங்கினால் 1800 111 255 என்ற இலவச எண்ணில் ஆணையத்திடம் புகார் செய்யலாம்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இத்திட்டம் இணைந்திருக்கும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் சிகிச்சைத் தொகுப்பில் முழங்கால் மறு ஆபரேஷன் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் எல்லா மருத்துவமனையிலும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி கிடைக்காது. காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சேர்வதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். அல்லது 1800 425 3993க்கு அழையுங்கள்.

தொற்று வந்தவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பல சமயம் ஒரே ஆபரேஷனில் வேலை முடியாது. முதலில் பழைய மூட்டை எடுத்துவிட்டு, கிருமிக்கொல்லி மருந்து கலந்த சிமென்ட் துண்டை வைப்பார்கள். சில வாரம் கழித்து, தொற்று அடங்கியபின்தான் புது மூட்டு. காப்பீட்டின் முன் அனுமதி இரண்டு ஆபரேஷனுக்கும் சேர்த்தா, தனித்தனியா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பாதியில் பணத்துக்கு அலைவது நோயாளிக்குப் பெரும் வேதனை.

அப்புறம், பில்லில் பிராண்டும் பேட்ச் எண்ணும் எதற்கு என்று நினைக்க வேண்டாம். தேய்ந்த பிளாஸ்டிக் தட்டை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலை வந்தால், அதே கம்பெனியின் அதே மாடலுக்குப் பொருந்தும் தட்டு வேண்டும். எந்த மூட்டு என்றே தெரியாவிட்டால் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். முதல் ஆபரேஷன் முடிந்து நன்றாக நடப்பவர்களும் டிஸ்சார்ஜ் சம்மரி, பில், இம்பிளாண்டின் விவரம் அச்சிட்ட ஸ்டிக்கர் மூன்றையும் தேடி எடுத்து ஒரே உறையில் போட்டு வையுங்கள். தொலைந்திருந்தால் அந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இப்போதே நகல் கேளுங்கள்.