மெனு பாரில் எந்த எண்ணை வைப்பது?

அக்னி நட்சத்திர நாட்களில், சேலத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கும் ஸ்டூடியோக்களில் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு புகார் எழும். காலையில் ஒரு மணி நேரத்தில் முடிந்த எக்ஸ்போர்ட், அதே நீளமுள்ள வீடியோவுக்கு மதியம் ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது. இன்டெல் பிராசசர் உள்ள பழைய ஆப்பிள் மேக் என்றால், எந்த நிரல் எவ்வளவு பிராசசர் நேரத்தை எடுக்கிறது என்று பட்டியலிடும் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தவுடன் ‘கெர்னல் டாஸ்க்’ என்ற பெயர் 300, 400 சதவீதத்தோடு பட்டியலின் உச்சியில் நிற்கும். இதுதான் எல்லாவற்றையும் தின்கிறது என்று முடிவு கட்டி, அதை நிறுத்த வழி தேடத் தொடங்குவார்கள்.

நிறுத்த முடியாது; நிறுத்தவும் கூடாது. பிராசசரின் சூட்டைக் கட்டுக்குள் வைப்பதும் கெர்னல் டாஸ்க்கின் வேலைகளில் ஒன்று என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் சொல்கிறது. சேலம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதைப் போலத்தான் அது பிராசசரின் நேரத்தைப் பிடித்துவைக்கிறது. சீட்டில் யாரும் உட்காரவில்லை, ஆனால் மற்றவர்களுக்கும் அந்த இடம் கிடைக்காது. எடிட்டிங் மென்பொருளுக்கு நேரம் குறைகிறது, பிராசசர் கொஞ்சம் ஆறுகிறது. பட்டியலில் தெரிந்த 400 சதவீதம் சூட்டின் விளைவு. காரணமான சூடு அந்தப் பட்டியலில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

மேக் திரையின் மேல் விளிம்பில் உள்ள மெனு பாரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைக் கண்காணிக்கும் செயலிகள் பல உண்டு. ஏறக்குறைய எல்லாமே முதலில் எடுத்துக் காட்டுவது சிபியு, அதாவது பிராசசரின் உழைப்புச் சதவீதத்தைத்தான். தனியாக வைத்துப் பார்த்தால் மிகக் குறைவாகச் சொல்லும் எண்ணும் அதுதான் என்பது என் கருத்து. அது எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் நீங்களும் ஒத்துக்கொள்ளக்கூடும்.

‘நான் இப்போது 37 சதவீதம் வேலை செய்கிறேன்’ என்று காட்டும் முள் எதுவும் பிராசசருக்குள் கிடையாது. பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளுக்குக் கோர் என்று பெயர். எந்தக் கணத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரு கோர் வேலை செய்துகொண்டிருக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் ஒவ்வொரு கோருக்கும் கணக்கு எழுதுகிறது: பயனரின் நிரல்களுக்கு உழைத்த நேரம், சிஸ்டத்தின் சொந்த வேலைக்கு உழைத்த நேரம், சும்மா இருந்த நேரம். மேக்கிலும் லினக்ஸிலும் பொதுவாக நொடியில் நூறில் ஒரு பங்கு ஓர் அலகு. கம்ப்யூட்டரை ஆன் செய்த நேரம் முதல் இந்த எண்கள் ஏறிக்கொண்டேதான் போகும். கண்காணிப்புச் செயலி இதை ஒருமுறை படிக்கிறது, சற்றுப் பொறுத்து மறுபடியும் படிக்கிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வகுத்துச் சொல்கிறது. அவ்வளவுதான். லினக்ஸில் ‘ப்ராக்’ அடைவில் இருக்கும் ‘ஸ்டாட்’ என்ற கோப்பைத் திறந்தால் இந்தக் கணக்குப் புத்தகத்தை நேராகவே பார்க்கலாம். வரிசை வரிசையாக வெறும் எண்கள்.

எட்டு கோர் உள்ள கம்ப்யூட்டரில் ஒரு நொடிக்கு மொத்தம் 800 அலகுகள். இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே 200 உழைப்பாகவும் 600 ஓய்வாகவும் ஏறியிருந்தால் 25 சதவீதம். கணக்கு சுலபம். வில்லங்கம் இனிமேல்தான்.

சேலத்தை அடுத்த நெசவு ஊரான இளம்பிள்ளையில் ஒருவர் ஜக்கார்டு தறிக்கு எட்டு கோர் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய முந்தானை டிசைன் ஒன்றைச் சேமிக்கும்போது திரை உறைந்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் சிபியு 12, 13 சதவீதம்தான். கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கிறது, பிறகு ஏன் இந்தத் தாமதம்? பழைய மென்பொருள்கள் பலவும் ஒரு நேரத்தில் ஒரே கோரில்தான் ஓடத் தெரிந்தவை. அந்த ஒரு கோர் முழு மூச்சாக உழைக்கிறது, மற்ற ஏழும் வேடிக்கை பார்க்கின்றன. நூறை எட்டால் வகுத்தால் 12.5. இதே நிலையை மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டர் 100 சதவீதம் என்று காட்டும். அங்கே ஒரு கோருக்கு 100 என்று கணக்கு, எட்டு கோருக்கு 800 வரை போகலாம். கெர்னல் டாஸ்க் 400 சதவீதத்தில் நின்றதும் இதனால்தான். ஆகவே, செயலி தேர்ந்தெடுக்கும்போது முதலில் நான் பார்ப்பது ஒவ்வொரு கோரையும் தனித்தனிக் கம்பியாகக் காட்டுகிறதா என்பதைத்தான். ஒரு கம்பி மட்டும் உச்சி வரை நின்றால் விஷயம் ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

2020இல் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வந்த பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அதில் நான்கு கோர்கள் வேகமானவை, நான்கு கோர்கள் சிக்கனமானவை. பின்னணி வேலைகளை சிஸ்டம் சிக்கனக் கோர்களில் தள்ளிவிடும். குறைந்த வேகத்தில் ஓடும் சிக்கனக் கோர் நிரம்பினாலும் 100 சதவீதம்தான், வேகக் கோர் உச்ச வேகத்தில் நிரம்பினாலும் 100 சதவீதம்தான். முடிந்த வேலையின் அளவு வெகுவாக மாறும். டைம் மெஷின் பேக்கப் நடக்கும்போது நான்கு கோர்கள் நிரம்பி வழிவதாகத் தெரிந்தும் மேக் சுறுசுறுப்பாகவே இருக்கிறதே என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான். இரண்டு வகைக் கோர்களையும் வேறு நிறங்களில் பிரித்துக் காட்டாத செயலியை எம் வரிசை மேக்கில் போடுவதில் அர்த்தமில்லை.

இனி சூட்டுக்கு வருவோம். சிப்பின் உள்ளேயே, சிலிக்கானிலேயே, சின்னஞ்சிறு டையோடுகள் பல இடங்களில் பதிக்கப்பட்டிருக்கின்றன. மாறாத மின்னோட்டம் செலுத்தினால் சிலிக்கான் டையோடின் மின்னழுத்தம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏற ஏறச் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். இந்த இறக்கத்தை அளந்துதான் வெப்பநிலை சொல்லப்படுகிறது. மேக்கில் ஒவ்வொரு சென்சாருக்கும் நான்கு எழுத்தில் ஒரு குறியீடு உண்டு. எந்தக் குறியீடு எந்த இடம் என்ற பட்டியலை ஆப்பிள் வெளியிடுவதில்லை. செயலி எழுதுபவர்கள் சோதித்துச் சோதித்துக் கண்டுபிடிக்கிறார்கள், ஒவ்வொரு புதிய சிப் வரும்போதும் மறுபடி தேடுகிறார்கள். ‘சிபியு வெப்பநிலை’ என்ற ஒற்றை எண் உண்மையில் செயலியின் தீர்மானம். ஒன்று எல்லா சென்சார்களின் சராசரியைச் சொல்லும், இன்னொன்று இருப்பதிலேயே சூடானதைச் சொல்லும். ஒரே நேரத்தில் இரண்டு செயலிகள் பத்து டிகிரி வித்தியாசம் காட்டினால் இரண்டுமே சரியாக இருக்க வாய்ப்புண்டு.

சூடு எல்லையைத் தொட்டால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெல் லேப்டாப் சிப்கள் பலவற்றுக்கு அந்த எல்லை 100 டிகிரி. வேகத்தோடு மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைப்பதால் பலன் பெரிது: மின்செலவு வேகத்துக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப மாறுகிறது. இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால் செலவு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். 0.8ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 0.51 வரும். இப்படி வேகம் இறங்கிய நிலையிலும் சிபியு 100 சதவீதம் என்றே காட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உழைக்கும் நேரத்தைத்தான் அது எண்ணுகிறது, உழைக்கும் வேகத்தை எண்ணுவதில்லை.

மேக்புக்குகள் 10 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் இயங்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிளின் விவரக் குறிப்பு சொல்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஏசி இல்லாத மாடி அறையில், மதியம் இரண்டு மணிக்கு அந்த வரம்பு எப்போதோ கடந்துபோயிருக்கும். சிப்பின் வெப்பம் அறையின் வெப்பத்துக்கு மேல்தான் ஏற ஆரம்பிக்கிறது. அறை பத்து டிகிரி கூடினால் சிப்புக்கும் ஏறக்குறைய அதே பத்து கூடும்.

சரி, இதே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குப் போனால்? சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். மே மாதத்தில் மேலே 30 டிகிரியை ஒட்டி இருக்கும், ஆக அறையின் பங்கில் பத்து டிகிரி லாபம். இதில் ஒரு சின்ன நஷ்டமும் உண்டு. உயரம் கூடினால் காற்று மெலிகிறது. குளிர்ச்சியால் காற்று கொஞ்சம் அடர்வதைக் கழித்த பிறகும், ஏற்காட்டுக் காற்று சேலத்துக் காற்றைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினால் அதே கன அளவு காற்றைத்தான் தள்ளும், அந்தக் கன அளவில் இருக்கும் காற்றின் நிறையோ குறைவு. வெப்பத்தைச் சுமந்து வெளியே போவது நிறைதான். லேப்டாப்பின் வழியாகப் போகும் காற்று சேலத்தில் 20 டிகிரி சூடேறி வெளியேறியதென்றால் ஏற்காட்டில் 22 டிகிரி சூடேறும். பத்தில் இரண்டு போனாலும் எட்டு மிச்சம். சேர்வராயன் மலை வெல்கிறது. ஆப்பிள் 3,000 மீட்டர் உயரம் வரை இயக்கலாம் என்று சொல்வதால், மெலிந்த காற்றை நினைத்து இங்கே யாரும் கவலைப்படத் தேவையில்லை.

வெப்பநிலையோடு விசிறியின் சுழற்சி எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு பயன் கிடைக்கும். தறி ஓடும் வீடுகளில் நூல் பிசிறும் பஞ்சுத் தூசியும் காற்றுத் துளைகளில் மெத்தை போலப் படிந்துவிடும். அதே வேலைக்கு, அதே பருவத்தில், போன வருடத்தைவிட விசிறி அதிகமாகச் சுற்றுகிறதென்றால் லேப்டாப்பைத் திறந்து சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது. விசிறியே இல்லாத எம் வரிசை மேக்புக் ஏர் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

நினைவகத்தைப் பற்றிய கூச்சல்தான் எனக்குப் பொறுக்காதது. ‘ரேம் 93 சதவீதம் நிறைந்துவிட்டது’ என்று சிவப்பில் மிரட்டும் செயலிகள் உண்டு. அவற்றில் பல அருகிலேயே ‘சுத்தம் செய்’ என்று ஒரு பொத்தானையும் வைத்திருக்கும். காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபமில்லை. அண்மையில் திறந்த கோப்புகளை அதில் வைத்துக்கொண்டால் அடுத்த முறை வட்டுக்குப் போக வேண்டியிருக்காது என்பதால் சிஸ்டம் வேண்டுமென்றேதான் அதை நிரப்புகிறது. யாராவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். 2013இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பு முதல் மேக், பயன்படாத நினைவகப் பகுதிகளைச் சுருக்கியும் வைக்கிறது. இதையெல்லாம் கணக்கில் எடுத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும் நினைவக அழுத்த வரைபடம் ஒன்று ஆக்டிவிட்டி மானிட்டரில் உண்டு. செயலி அதைக் காட்டினால் போதும். பொத்தான் வைத்த செயலியைத் தொடாதீர்கள். அது நிரம்பியிருந்ததைக் காலி செய்யும், சிஸ்டம் மறுபடி நிரப்பும், நடுவில் உங்கள் நேரம்தான் வீணாகும்.

நெட்வொர்க் வேகத்தில் ஒரே ஒரு கவனம். இன்டர்நெட் திட்டங்கள் பிட்டில் விற்கப்படுகின்றன, செயலிகள் பெரும்பாலும் பைட்டில் காட்டுகின்றன; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் திரையில் 12.5 எம்பி என்றுதான் வரும். கேபிள்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கண்காணிப்பதற்கும் செலவு உண்டு. நொடிக்கு ஒருமுறை எண்ணைப் புதுப்பிக்க வேண்டுமானால், தூங்கப்போன கோரை நொடிக்கு ஒருமுறை எழுப்ப வேண்டும். மொத்தக் கணக்கைப் படிப்பது மலிவு. ஓடிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான நிரல்களையும் ஒவ்வொன்றாக விசாரித்து ‘முதல் ஐந்து’ பட்டியல் போடுவது அதைவிடச் செலவு. வரைபடத்தைத் திரையில் திரும்பத் திரும்ப வரைவதும் செலவுதான், அது வேறு நிரலின் பெயரில் பதிவாகும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளில் பேட்டரியில் ஓட்டுபவர்களுக்கு இது உறைக்கும். 3 அல்லது 5 நொடி இடைவெளி வைத்தால் போதும். நொடிக்குள் வந்து மறையும் துள்ளல்கள் சராசரியில் கரைந்துவிடும், உண்மையான தொல்லையோ ஐந்து நொடியில் மறையாது.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: ‘ஸ்டாட்ஸ்’ இலவசம், அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு இதுவே தாராளம். ‘ஐஸ்டாட் மெனுஸ்’ காசு கொடுத்து வாங்க வேண்டியது. கடந்த பல நாட்களின் வரைபடத்தைச் சேர்த்துவைக்கிறது என்பதுதான் அதற்குக் காசு கொடுக்க நான் ஏற்கும் காரணம். மதியம் இரண்டு மணிக்கு நடந்ததை மாலை ஏழு மணிக்கு நிதானமாகப் பார்க்கலாம். ‘ரன்கேட்’டில் ஒரு பூனை ஓடும், சிபியு ஏறினால் வேகமாக ஓடும். பயன் என்று பெரிதாகச் சொல்ல முடியாது, பார்க்கப் பிடித்திருக்கிறது.

எதைப் போட்டாலும் பத்து எண்களை அடுக்காதீர்கள். 2021 முதல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோக்களில் கேமராவுக்கான வெட்டு மெனு பாரின் நடுவில் இருக்கிறது. ஐகான்கள் கூடினால் சில அதன் பின்னால் காணாமல் போகும். சேலத்தில் இருப்பவருக்கு என் பரிந்துரை: கோர் கம்பிகள், மிகச் சூடான சென்சார், நினைவக அழுத்தம். விசிறி வேகத்தை நீங்களே கட்டுப்படுத்தலாம் என்று ஆசை காட்டி நிர்வாகி கடவுச்சொல்லைக் கேட்கும் வசதியை விட்டுவிடுங்கள். எண்களைப் படிக்கத் தேவைப்படாத அதிகாரம் விசிறியை மாற்றத் தேவைப்படுகிறது. அப்படி அதிகாரம் பெற்ற துணை நிரல் ஒன்று எந்நேரமும் பின்னணியில் உட்கார்ந்திருக்கும்.

செயலியை நிறுவி ஒரு நாள் வழக்கம்போல் வேலை பாருங்கள். பிறகு ஆக்டிவிட்டி மானிட்டரில் எனர்ஜி பக்கத்தைத் திறந்தால், கடந்த 12 மணி நேரத்தின் மின்செலவைக் காட்டும் நெடுவரிசை ஒன்று இருக்கும். அதில் நீங்கள் நிறுவிய செயலியின் பெயரைத் தேடுங்கள். பிரவுசருக்கு மேலே அது நின்றால் இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள்; அப்போதும் கீழே இறங்கவில்லை என்றால் வேறு செயலிக்கு மாறிவிடலாம்.