பாய்லருக்கு எதற்கு உப்பு?

"சாஃப்ட்னரில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகிறார்களே, அது பாய்லரைக் கெடுக்காதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான். சாஃப்ட்னர் என்பது பாய்லருக்குப் போகும் கடின நீரை மென்னீராக்கும் கருவி.

கடின நீரைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டால் கார்பனேட்டாகிப் படியும். கால்சியம் சல்பேட் இன்னும் பொல்லாதது. பாய்லர் வெப்பநிலையில் சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறையும் என்பதால், தீ படும் சுவரின் மறுபக்கத்தையே தேடிப்போய் ஒட்டும். இப்படிப் படிந்த செதிலைத் தாண்டி வெப்பம் தண்ணீருக்கு எளிதில் போகாது. குழாய் பழுக்கக் காய்ந்து, உப்பி, கடைசியில் வெடிக்கும்.

சாஃப்ட்னருக்குள் இருப்பது ரெசின்: 1 மில்லிமீட்டர்கூட இல்லாத பாலிஸ்டைரீன் மணிகள். அவற்றில் அசையாமல் பிணைந்த எதிர்மின் இடங்களில் சோடியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். ஒரு கால்சியம் வந்தால் இரண்டு சோடியம் எழுந்து வெளியேறும். ரெசினுக்குக் கால்சியத்தின் மேல்தான் பிடிப்பு அதிகம். அப்படியிருக்க, உப்புக் கரைசலை ஊற்றியதும் அதை ஏன் விட்டுவிடுகிறது?

எனக்கு அலுக்காத இடம் இது. ஒரு கால்சியத்தை வெளியேற்ற இரண்டு சோடியம் வேண்டும். அதனால் சமநிலைக் கணக்கில் சோடியத்தின் செறிவு வர்க்கமாக (செறிவு × செறிவு) வருகிறது. செறிவை 100 மடங்கு கூட்டினால் கால்சியத்தைத் தள்ளும் வலு 10,000 மடங்காகிறது! நீர்த்த தண்ணீரில் ஜெயித்த கால்சியம், ஏறத்தாழ 10 சதவீத உப்புக் கரைசலில் தோற்று வெளியேறுகிறது. அந்தக் கரைசல் சாக்கடைக்குப் போகும். ரெசினை அலசிய பிறகே பாய்லருக்குத் தண்ணீர் விடுவார்கள். ஆக, நீங்கள் கொட்டும் உப்பு அப்படியே பாய்லருக்குள் போவதில்லை.

ஆனால் கால்சியத்துக்குப் பதிலாக வந்த சோடியம் போகத்தான் செய்யும். அது செதிலாகாது, கரைந்தே கிடக்கும். நீராவி வெளியேற வெளியேற மிச்சம் அடர்ந்துகொண்டே போகும். டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு) 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) உள்ள நீர் பத்து மடங்கு சுண்டினால் 3,000. அளவு மீறினால் நுரைத்து, நீராவியோடு உப்பும் கிளம்பிவிடும். அதற்குத்தான் ப்ளோடவுன்: அடர்ந்த பாய்லர் நீரில் ஒரு பகுதியை வெளியே திறந்துவிடுவது. இரும்பை அரிக்கும் கரைந்த ஆக்ஸிஜன் தனிப் பகை: நீரைச் சுமார் 105 டிகிரிக்குச் சூடாக்கி விரட்டி, மிஞ்சியதைச் சோடியம் சல்ஃபைட்டால் தீர்ப்பார்கள்.

குழாயில் காந்தம் கட்டினால் போதும் என்று விற்பவர்களும் உண்டு. அதுபற்றிய ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. நானாக இருந்தால் பாய்லரை அதை நம்பி விடமாட்டேன். தினமும் சாஃப்ட்னர் நீரை எடுத்து, காரத்தன்மையைச் சரிசெய்து, கடினத்தன்மையை நிறத்தால் காட்டும் எரியோகுரோம் பிளாக் டி என்ற சாயத்தைச் சொட்டிப் பார்ப்பேன். நீலம் என்றால் ஓட்டலாம். சிவப்பு என்றால் ரெசினுக்கு அன்றே உப்புக் குளியல்.