பேக்கப் சாதனம் வாங்கும் முன் ரெஸ்டோர் நேரத்தைக் கேளுங்கள்

கோலாலம்பூர் நிறுவனங்களின் டேட்டாபேஸ்களைப் பராமரிப்பது என் வேலை. பேக்கப் சாதனம் வாங்குமுன் என்னிடம் காட்டப்படும் விலைப்பட்டியல்களில் எத்தனை டெராபைட், எத்தனை ரிங்கிட் என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். சர்வர் படுத்துவிட்டால் பேக்கப்பிலிருந்து டேட்டாவை எத்தனை மணி நேரத்தில் மீட்கலாம், அதாவது ரெஸ்டோர் செய்யலாம் என்ற வரி மட்டும் இருக்காது.

டேட்டாபேஸ் 20 டெராபைட் என்று வைத்துக்கொள்வோம். 1 கிகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் போகும். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு ரெஸ்டோர் தொடங்கினால் ஞாயிறு இரவு எட்டரை மணி வாக்கில்தான் முடியும். 10 கிகாபிட் இருந்து, டிஸ்க்குகளும் ஈடுகொடுத்தால் ஆறு மணி நேரம் போதும். ஆகவே முதல் பணத்தை நெட்வொர்க்கில் போடுங்கள் என்பேன். முதலாளிகளுக்கு இது பிடிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத செலவாயிற்றே!

அடுத்தது டேப், அதாவது டேட்டாவைப் பதிந்து வைக்கும் காந்த நாடா. எல்டிஓ என்ற வகையில் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 டேப்பை 45 டெராபைட் என்று சொல்லி விற்பார்கள். உண்மையில் அது 18தான். டேட்டா இரண்டரை மடங்கு சுருங்கும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அந்த 45. டேட்டாபேஸ் பேக்கப்பை நாம் ஏற்கெனவே சுருக்கியோ என்கிரிப்ட் செய்தோ அனுப்பினால், டேப்பில் மேற்கொண்டு சுருங்க ஒன்றும் இருக்காது. வேகத்திலும் ஒரு சிக்கல். டேப்பை ஓட்டும் டிரைவ் விநாடிக்கு 400 மெகாபைட் வரை எழுதும். டேட்டா மெதுவாக வந்தால் ஓரளவு தானும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் நின்று, பின்னால் ஓடி, மறுபடி தொடங்கும். நெரிசல் நேரத்து ஃபெடரல் நெடுஞ்சாலை லாரி மாதிரிதான். நேரமும் வீண், தேய்மானமும் அதிகம். அதனால் முதலில் டிஸ்க்கில் எழுதி, அங்கிருந்து டேப்புக்கு மாற்றுவதே நல்லது. புது எல்டிஓ-9 டேப்பை முதல்முறை போடும்போது அளவுத்திருத்தத்துக்கு இரண்டு மணி நேரம்வரைகூட ஆகலாம். அதை முன்கூட்டியே முடித்து வையுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகை வேண்டாம், தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகையைக் கேளுங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதால், பழுதான டிஸ்க்கை மாற்றி ரெய்டை (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த அமைப்பை) மறுபடி கட்டும்போது இழுத்தடிக்கும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் டேப்பை நான் விடுவதில்லை. அலமாரியில் கழற்றி வைத்த டேப்பை, டேட்டாவைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் தொட முடியாது. ஆனால் அந்த அலமாரி சர்வர் இருக்கும் கட்டடத்திலேயே இருக்கக்கூடாது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். ஈரப்பதமும் பகைதான், குளிர்சாதனத்தை இரவில் அணைக்கும் ஸ்டோர் அறை டேப்புக்கு ஆகாது.

வருமான வரிக்கான பதிவுகளை இங்கே 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எல்டிஓ-9 டிரைவோ எல்டிஓ-8 வரைதான் படிக்கும்; எல்டிஓ-7 டேப்பை ஏற்காது. புது டிரைவ் வந்த கையோடு பழையதைத் தள்ளிவிடாதீர்கள்; இல்லையென்றால் பழைய டேப்புகளைப் புதியதற்கு மாற்றும் செலவையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள்.