குரோசானின் அடுக்குகளும் உருகாத வெண்ணெயும்

புதுச்சேரி டுமாஸ் வீதியை ஒட்டிய பழைய பிரெஞ்சு மாளிகை ஒன்றில் நடக்கும் உணவகத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையுணவும் மதிய உணவும் ஒன்றாகிய ‘பிரன்ச்’ சாப்பிட்டுத் திரும்பிய வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அங்கே பிய்த்தவுடன் நொறுங்கி அடுக்கடுக்காகப் பிரிந்த குரோசான் என்ற பிறைவடிவப் பிரெஞ்சு ரொட்டி, அதே மைதா, வெண்ணெய், ஈஸ்டைக் கொண்டு மே மாதத்தில் வீட்டில் செய்தபோது வெண்ணெய் மணக்கும் பன்னாகிவிட்டதாம். தண்ணீர் காரணமா, மாவு காரணமா, கைராசியா என்று கேட்கிறார்.

புதுச்சேரியின் அத்தகைய மாளிகைகளில் பல, அவர் சாப்பிட்ட பண்டத்தைவிட மூத்தவை. 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய நகரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 1765 முதல் மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். குரோசானின் முன்னோடியான பிறைவடிவ வியன்னா ரொட்டியைப் பாரிஸில் புகழ்பெறச் செய்தது, ஔகுஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரியர் 1830களின் இறுதியில் அங்கு திறந்த பேக்கரி. வெண்ணெய் அடுக்கிய இன்றைய வடிவம் நிலைபெற்றதோ 20ஆம் நூற்றாண்டில்தான். 1683இல் துருக்கியரின் முற்றுகையை முறியடித்த வெற்றிக்காக வியன்னாவின் ரொட்டிக்காரர்கள் இதைப் படைத்தார்கள் என்ற கதைக்கு அக்காலச் சான்று ஏதும் இல்லை; சுவையான கதை என்பதற்காக அதை வரலாறாக எழுதுவதை நாம் நிறுத்த வேண்டும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈஸ்ட் கலந்த மாவுத் தகடு இரண்டின் நடுவே வெண்ணெய்ப் பாளம் ஒன்றை வைத்துத் தேய்த்து நீட்டி, கடிதம்போல் மூன்றாக மடித்து, குளிரில் ஓய்வு கொடுத்து, மீண்டும் நீட்டி மடிக்கிறார்கள். மூன்று முறை மடித்தால் வெண்ணெய் 1, 3, 9, 27 என்று பெருகுகிறது. மாவோடு மாவு படும் இடங்கள் ஒட்டிக்கொள்வதால் மாவின் அடுக்குகள் 28. இந்த 55 அடுக்குகளையும் 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கும்போது, ஓர் அடுக்கின் சராசரிக் கனம் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் கனம். அவ்வளவு மெல்லிய வெண்ணெய்ப் படலம் கிழியாமலும் மாவுக்குள் ஊறாமலும் இருக்க வேண்டும். இதை வெண்ணெய் எப்படிச் சாதிக்கிறது என்பதுதான் என்னை மீண்டும் மீண்டும் வியக்கவைக்கும் பகுதி.

தேங்காய் எண்ணெயை நினைத்துப் பாருங்கள். மார்கழிக் காலையில் கட்டியாகக் கிடப்பது, சற்று வெயில் பட்டதும் முழுவதுமாக உருகிவிடுகிறது. ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸை ஒட்டிய குறுகிய இடைவெளியிலேயே அதன் மாற்றம் முடிந்துவிடுகிறது. பால் கொழுப்பு அப்படிப்பட்டதன்று. அதில் நூற்றுக்கணக்கான கொழுப்பு அமிலங்கள் கலந்திருப்பதாலும், ஒவ்வொரு சேர்மானமும் தனக்குரிய வெப்பநிலையில் உருகுவதாலும், அதன் உருகுதல் சுழியத்துக்கு வெகு கீழே தொடங்கி 40 டிகிரி அருகே முடிகிறது. ஆகவே நாம் திடப்பொருள் என்று எண்ணும் வெண்ணெய், பெரும்பாலும் திடமும் திரவமும் சேர்ந்த கலவையே. 5 டிகிரியில் அதன் கொழுப்பில் சுமார் பாதி படிகமாக இருக்கிறது; 20 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான் படிகம்; 35 டிகிரியில் அநேகமாக ஒன்றுமில்லை.

கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொட்டு ஒரு வலையாகப் பின்னிக்கொள்ள, திரவக் கொழுப்பு அந்த வலைக்குள் சிறைப்பட்டிருக்கிறது. மிகக் குளிர்ந்தால் வலை இறுகி, வெண்ணெய் அழுத்தத்தில் ஓடுபோல் உடைகிறது. சூடேறினால் வலை கரைந்து எண்ணெய் கசிகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 15 டிகிரியை ஒட்டிய சில டிகிரிகளில் மட்டும், படிகங்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி நகர்ந்து மீண்டும் பிடித்துக்கொள்கின்றன; வெண்ணெய் களிமண்போல் வளைந்து நீள்கிறது. பேக்கரிக்காரர்கள் குளிர்ந்த வெண்ணெயைக் கட்டையால் அடித்துப் பதப்படுத்துவதன் பொருளும் இதுவே: அந்த அடி வெண்ணெயை உருக்காமல், வலையின் பிணைப்புகளை மட்டும் தளர்த்துகிறது.

வெண்ணெய்க்குப் பதிலாக நெய்யை வைத்தால் என்ன என்றும் கேட்கலாம். மெல்ல ஆறவிட்ட நெய் மணல் மணலாக உறைவதை நாம் நல்ல நெய்யின் அடையாளமாகக் கொள்கிறோம். அந்த மணல்கள் பெரிய படிகங்கள். அவை முடியளவு மெல்லிய படலமாகப் பரவாமல் மாவைக் குத்திக் கிழிக்கும். நெய்யில் நீரும் இல்லை. பிரெஞ்சு வெண்ணெயிலோ 16 விழுக்காடு வரை நீர் இருக்கலாம்.

அந்த நீருக்கு ஓவனில் வேலை இருக்கிறது. மாவின் நீரும் வெண்ணெயின் நீரும் ஆவியாகி, அளவில் ஆயிரம் மடங்குக்கு மேல் விரிய முயல்கின்றன. கொழுப்புப் படலம் அந்த ஆவியை எளிதில் தப்பவிடாமல் தடுக்க, ஒவ்வொரு மாவுத் தகடும் மேலே தூக்கப்படுகிறது. அதற்குள் மாவுச்சத்தும் புரதமும் இறுகி, தூக்கிய நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. உருகிய வெண்ணெய் பிறகு தகடுகளுக்குள் ஊறி, தான் இருந்த இடத்தை வெற்றிடமாக விட்டுச் செல்கிறது. நம் பரோட்டா இவ்வாறு உப்புவதில்லை. எண்ணெய் பிரித்துவைத்த சுருள்களை, கல்லிலிருந்து எடுத்ததும் இரு கைகளாலும் தட்டித்தான் விரிக்க வேண்டியிருக்கிறது.

வாசகியின் குரோசான் ஓவனுக்குப் போகும் முன்பே தோற்றுவிட்டது. ஈஸ்ட் பொங்குவதற்கு வெதுவெதுப்பு வேண்டும். ஆனால் 27 டிகிரிக்கு மேல் போனால் வெண்ணெய் தாங்காது. மே மாதப் புதுச்சேரிச் சமையலறை 35 டிகிரியைத் தொடும்போது, பொங்கும் மணி நேரங்களில் வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட, தடுப்பதற்குப் படலமே எஞ்சவில்லை. அந்த மாளிகையின் பருத்த சுண்ணாம்புச் சுவர்களும் உயர்ந்த கூரையும் விருந்தினரைக் காக்கும். வெண்ணெயைக் காக்க அவையும் போதா. குளிரூட்டிய தனி அறை தேவைப்படுகிறது.

கைராசி என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. உள்ளங்கையின் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போவது வழக்கம். அதிக நேரம் மாவைத் தொடும் கை, யாருடையதாயினும், வெண்ணெயை உருக்கும். இத்தகைய எளிய அளவீடுகளை நம் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் ஆய்வாகவே எடுத்துக்கொள்வதில்லை என்பது எனக்கு வருத்தம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பரோட்டா மாவைக்கூட ஆராய்ந்திருக்கிறது. அந்த வழியில் செல்ல விரும்பும் இளைஞர்களுக்கு நல்கை தாராளமாகக் கிடைக்க வேண்டும்.

வாசகி மார்கழியில் மீண்டும் முயலட்டும். விடியுமுன் தேய்த்து மடித்து, ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, பொங்கவிடும் இடத்தில் ஒரு வெப்பமானியையும் வைக்க வேண்டும். வெந்து ஆறியதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெண்ணெய் தாங்கியதா என்பதைத் தேன்கூடு போன்ற அறைகளே காட்டிவிடும்.