மண்ணுக்குள் வெள்ளிக் காசு: மெட்டல் டிடெக்டர் கண்டுபிடிப்பது எப்படி?

வெள்ளியில் காந்தம் ஒட்டாது. ஆனாலும் புதைந்து கிடக்கும் வெள்ளிக் காசைத் தேட மெட்டல் டிடெக்டர் நம்பியிருப்பது காந்தப்புலத்தைத்தான்.

கருவியின் அடித்தட்டில் இரண்டு கம்பிச்சுருள்கள் உண்டு. ஒன்றில், நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் பரவுகிறது. அது காசின் மேல் பட்டதும் காசுக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. மின்னோட்டம் உள்ள இடத்தில் காந்தப்புலமும் இருக்குமல்லவா? அந்தச் சின்னப் புலத்தை இரண்டாவது சுருள் பிடிக்கிறது. முதல் சுருளின் புலம் நேரடியாக இரண்டாவதைப் பாதிக்காதபடி இரண்டையும் பொருத்துவதில்தான் நுட்பம். 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட கிரஹாம் பெல் கையாண்டதும் இந்தச் சமநிலை உத்திதான்.

அது வெள்ளி என்று கருவிக்கு எப்படித் தெரிகிறது? உண்மையில் தெரியாது. அது அளப்பது ஒரு தாமதத்தை. உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. செம்பும் தங்கமும் அதற்குப் பின்தான். தடை குறைவு என்பதால் வெள்ளிக்குள் பிறந்த மின்னோட்டம் சட்டென்று அடங்குவதில்லை. திரும்பி வரும் அலை, அனுப்பிய அலையைவிட நன்றாகவே பின்தங்குகிறது. அலுமினியத் தாளில் அந்த மின்னோட்டம் விரைவில் அடங்கிவிடும், தாமதமும் குறைவு. இரும்பு தானே காந்தமாகிப் புலத்தை வலுப்படுத்துவதால் அதன் பதில் வேறு மாதிரி இருக்கும். இந்த வேறுபாடுகளைத்தான் கருவி எண்ணாகவும் ஒலியாகவும் மாற்றித் தருகிறது.

அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. தாமதத்தை உலோகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அளவுக்கும் தடிமனுக்கும் அதில் பங்குண்டு. பெரிய, தடித்த வெள்ளிக் காசு உயர்ந்த எண்ணைக் காட்டும். இடைக்கால இங்கிலாந்தில் சுத்தியலால் அடித்த பென்னி என்ற மெல்லிய வெள்ளிக் காசோ அலுமினியக் குப்பையின் எண்ணுக்கு இறங்கிவிடலாம். தட்டையான இரும்புத்துண்டு சில நேரம் வெள்ளியைப் போலவே ஒலிக்கும். குப்பை எண் என்று ஒதுக்கிவிட்டு நடப்பவர்கள் நல்ல காசுகளையும் தாண்டிப் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆழம் இன்னொரு சிக்கல். புலம் போகும்போதும் தேய்கிறது, வரும்போதும் தேய்கிறது. ஆழம் இரட்டிப்பானால் பதில் சுமார் 64 மடங்கு குறைந்துவிடும். ஒற்றைக் காசு ஒரு சாணுக்குக் கீழே போனாலே பல கருவிகள் திணறும்.

குவியலாகக் கிடந்தால் நிலைமை வேறு. 1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், ஹாக்ஸன் என்ற ஊரில், வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடப் போன ஒருவரின் கருவி ரோமானியப் புதையலைக் காட்டியது. ஏறத்தாழ 15,000 நாணயங்கள்; அவற்றில் 14,000-க்கும் மேல் சிலிக்வா என்ற மெல்லிய வெள்ளிக் காசுகள். அவர் எல்லாவற்றையும் தோண்டி அள்ளவில்லை. பாதியில் நிறுத்தித் தகவல் கொடுத்தார். கண்டுபிடித்ததைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். தொல்லியலாளர்கள் முறையாக அகழ்ந்ததால்தான், மட்கிப்போன மரப்பெட்டிக்குள் எது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பது தெரியவந்தது.

பெரும்பாலான சிலிக்வாக்களின் விளிம்பு நறுக்கப்பட்டிருந்தது. பேரரசரின் முகத்தை மட்டும் தொடவில்லை. கடைசி நாணயங்கள் கி.பி. 407–408-ஐச் சேர்ந்தவை. புதுக் காசு வரத்து நின்றுபோன பிரிட்டனில், நறுக்கிய வெள்ளியைக் கொண்டு நகல் காசு அடித்துச் சமாளித்திருக்கிறார்கள் என்று நாணயவியலாளர்கள் கருதுகிறார்கள்.

இங்கிலாந்தில் 1996-இல் புதையல் சட்டம் வந்தது. 300 ஆண்டைத் தாண்டிய இரண்டு வெள்ளிக் காசுகள் ஒரே புதையலில் கிடைத்தாலே 14 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும்.