விருத்தசேதனமா, முன்தோல் அகற்றலா?

ஆண்குறி மொட்டை மூடியிருக்கும் தோலை அறுவை செய்து எடுப்பதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் நெடுநாளாகப் புழங்குகின்றன: விவிலியத் தமிழ் தந்த விருத்தசேதனம், இஸ்லாமியர் வழக்கில் உள்ள சுன்னத்து. இந்த அறுவை ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் குறைப்பதால், அந்தத் தடுப்பைப் பற்றி எழுதுவோரும் இவற்றில் ஒன்றைத்தான் எடுத்தாள்கிறார்கள். ஆனால் இங்கே பேசப்படுவது சமயச் சடங்கு அல்ல. வளர்ந்த ஆண் தானாக முன்வந்து செய்துகொள்ளும் ஒரு மருத்துவச் செயல்.

விருத்தசேதனம் வடமொழிக் கூட்டுச்சொல். விருத்தம் என்றால் வட்டம், சேதனம் என்றால் வெட்டல். லத்தீனில் 'கிர்கும்' (சுற்றி), 'கைதெரே' (வெட்டு) என்ற இரண்டும் சேர்ந்தே 'சர்க்கம்சிஷன்' பிறந்தது. கிரேக்கப் 'பெரிதோமே'யும் இதே கட்டமைப்புதான். தமிழ் எழுத்தில் வரும்போது ஒரு சிக்கல்: முதுமையைக் குறிக்கும் விருத்தமும் அறிவுள்ள உயிரைக் குறிக்கும் சேதனமும் இதே வடிவில்தான் எழுதப்படுகின்றன. சொல்லைப் பிரித்துப் பார்த்தாலும் பொருள் பிடிபடாது. சுன்னத்து, நபிவழியைக் குறிக்கும் 'சுன்னா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அறுவைக்கு அரபியில் உள்ள நேர்ச்சொல் 'கித்தான்'. ஆகவே சுன்னத்து சொல்வது கடமையை. எதை வெட்டுகிறோம் என்பதை அல்ல.

மருத்துவத் தமிழுக்கு 'முன்தோல் அகற்றல்' பொருந்தும். எந்த உறுப்பு, அதை என்ன செய்கிறோம் என இரண்டும் அதிலேயே இருக்கின்றன. 'ஆண்' என்று தனியே சேர்க்க வேண்டியதில்லை. பொதுநலத் திட்டத்தைக் குறிக்கும்போது 'தன்விருப்ப முன்தோல் அகற்றல்' என்று எழுதலாம். பெண்ணுறுப்பைச் சிதைக்கும் கொடுமையைப் 'பெண் விருத்தசேதனம்' என்று எழுதுவதை அடியோடு விட வேண்டும். அதற்கு எந்த மருத்துவப் பயனும் இல்லை. 'பெண்ணுறுப்புச் சிதைப்பு' என்பதே நேர்மையான பெயர்.

'கீறல்' என்றும் எழுதக்கூடாது. தோல் பின்வாங்காத நிலையில் மேற்புறம் மட்டும் கீறிவிடும் சிகிச்சை வேறு. அதில் தோல் அப்படியே இருக்கும். எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை இந்த வேறுபாடுதான் எல்லாம். முன்தோலின் உட்பரப்பு மென்மையானது, ஈரமானது. உடலின் வெளித்தோலில் இருப்பதுபோல் தடித்த கெரட்டின் (கடினப் புரதம்) அடுக்கு அதற்கு இல்லை. வைரஸ் பற்றிக்கொள்ளும் லாங்கர்ஹான்ஸ், சி.டி.4 ஆகிய நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே மேற்பரப்பை ஒட்டியே இருக்கின்றன. உடலுறவின்போது தோல் பின்வாங்கி அந்தப் பரப்பு முழுதும் வெளிப்படுகிறது. நுண்ணிய கிழிசல்களும் எளிதில் உண்டாகின்றன. தெற்கு ஆப்பிரிக்க நாடான லெசோத்தோவில் மரபுச் சடங்கில் 'செய்துகொண்டோம்' என்று சொன்ன ஆண்கள் பலரைப் பரிசோதித்தபோது தோல் பாதியோ முழுதுமோ மிச்சமிருந்தது. அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

பாதுகாப்பு உண்டு என்று நிறுவியவை மூன்று ஆய்வுகள்: தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்ச் ஃபார்ம் (3,274 ஆண்கள்), கென்யாவின் கிசுமு (2,784), உகாண்டாவின் ராகாய் (4,996). புதிய தொற்று முறையே 60, 53, 51 விழுக்காடு குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் மூன்றுமே முன்கூட்டி நிறுத்தப்பட்டன. 2007 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் எய்ட்ஸ் திட்டமும் இதைப் பரிந்துரைத்தன. தொற்று மிகுந்தும் இந்த அறுவை குறைந்தும் இருந்த கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளே முதல் களம்.

அறுவை மரப்பு ஊசியில் நடக்கும். ஆண்குறி உடலோடு சேரும் இடத்தில் மேற்புற நரம்புகளைச் சுற்றி லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்துவார்கள். அளவு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1 விழுக்காட்டுக் கரைசலில் 18 மில்லிலிட்டரே உச்சம். அட்ரினலின் கலந்த ஊசி கூடாது. ரத்தக்குழாய்கள் சுருங்கித் திசு அழியலாம். வெட்டுக்கோட்டைத் தோல் இயல்பாகத் தளர்ந்திருக்கும்போது வரைய வேண்டும். இழுத்துப் பிடித்து வரைந்தால் தேவைக்கு மேல் தோல் போய்விடும். பிறகு விறைக்கும்போது வலிக்கும். மொட்டின் விளிம்பை ஒட்டி 5 மில்லிமீட்டர் அளவு உட்தோலை விட்டு, கரையும் நூலால் தைப்பார்கள். கடிகார முள்ளாகச் சொன்னால் 6 மணி இடத்தில், மொட்டின் அடியில் உள்ள கடிவாளத் தோல்மடிப்பில், ரத்தக்கசிவு அதிகம். அங்கே அவசரத்தில் ஆழமாகத் தைத்தால் அடியில் ஓடும் சிறுநீர்க்குழாயில் துளை விழும். ரத்தம் உறையாத நோய், ஆறாத பிறப்புறுப்புப் புண், சிறுநீர்த்துளை பிறவியிலேயே இடம் மாறியிருத்தல் ஆகியவை உள்ளவர்களுக்கு பொதுநலத் திட்ட மையங்களில் இதைச் செய்வதில்லை. துளை மாறியவருக்கு அதைச் சீரமைக்க முன்தோலே தேவைப்படும்.

வெட்டாமல் வளையம் மாட்டும் கருவிகளும் வந்தன. பிரீபெக்ஸ் வளையத்தில் முன்தோல் ஒரு வாரம் உடம்பிலேயே செத்துக் கிடக்கும். அதில் ரணஜன்னி (டெட்டனஸ்) ஏற்பட்டதால், முன்பே அதற்கான தடுப்பூசி போட்டவருக்கு மட்டும் என்ற நிபந்தனை வந்தது.

மொழிபெயர்ப்பில் அதிகம் தடுமாறுவது அந்த 60 விழுக்காடு. நூறு ஆண்களில் அறுபது பேருக்கு நோயே வராது என்பது அதன் பொருள் அல்ல. முன்தோலோடு இருந்தால் நூறு தொற்றுகள் நேரக்கூடிய அதே கூட்டத்தில், அகற்றிய பின் ஏறத்தாழ நாற்பது நேரும். 'தடுக்கும்' என்று முடிப்பதைவிட 'வாய்ப்பைக் குறைக்கும்' என்று எழுதுங்கள். ஆணுறை தொடர வேண்டும் என்பதையும் அதே பத்தியில் சேருங்கள். குறைவது பெண்ணிடமிருந்து ஆணுக்குப் பரவும் வாய்ப்பே. ஏற்கெனவே தொற்றுள்ள ஆண்களுக்கு ராகாயில் அகற்றிப் பார்த்தபோது அவர்கள் துணைவியருக்குப் பரவுவது குறையவில்லை. புண் ஆறுமுன் உறவு கொண்டவர்களிடம் ஆபத்து கூடியதற்கான அறிகுறியே தெரிந்தது. ஆறு வாரம் உறவைத் தவிர்க்கச் சொல்வது இருவரையும் கருதித்தான். தையல் கரைந்து வெளியே ஆறியதுபோல் தெரிந்தாலும் அந்த ஆறு வாரம் முடிய வேண்டும்.