'நேற்று' எந்த வினையோடு ஒட்டும்?

"நேற்று தாமிரபரணியில் குளித்த மாணவர்களைப் போலீசார் எச்சரித்தனர்." நேற்று நடந்தது குளியலா, எச்சரிக்கையா? இலக்கணப்படி குறையே இல்லாத வாக்கியம். பொருள் மட்டும் இரண்டு.

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். காலம், இடம், விதம் சொல்லும் வினையடைகள் தம் வினை வந்து சேரும்வரை படிப்பவரின் நினைவில் காத்திருக்கின்றன. நடுவில் 'குளித்த' என்று ஒரு பெயரெச்சம், அதாவது அடுத்து வரும் பெயரைத் தழுவும் முடியாத வினை, தட்டுப்பட்டால் போதும், 'நேற்று' அதிலேயே ஒட்டிக்கொள்ளும். 'எச்சரித்தனர்' வருவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் இதே சிக்கல் வாலில் வரும். அங்கே 'குளித்த' என்ற பகுதி 'மாணவர்கள்' என்ற பெயருக்குப் பின்னால் நிற்பதால், வாக்கியக் கடைசியில் போடும் 'நேற்று'தான் தடுமாற வைக்கும். இடையன்குடியில் வாழ்ந்த மொழியறிஞர் கால்டுவெல், 1856இல் வெளிவந்த தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில், அம்மொழிகளின் தனிக்கூறுகளில் ஒன்றாக இந்தப் பெயரெச்ச அமைப்பையும் சேர்த்திருக்கிறார்.

பேச்சில் இந்தத் தொல்லை குறைவு. "நேத்து ஆத்துல குளிச்ச பயலுவள போலீஸ்காரன் சத்தம் போட்டாம்லா" என்னும்போது, 'நேத்து' முடிந்ததும் குரல் ஒரு கணம் நின்றால் அது சத்தம் போட்டதற்கு உரியது. நிற்காமல் ஓடினால் குளித்ததற்கு. எழுத்தில் அந்த நிறுத்தத்துக்குக் கமா போடலாம். ஆனால் அவசரமாகப் படிப்பவர் கண்ணில் கமா விழாது. அதனால் இடம் மாற்றுவதுதான் உறுதியான வழி: "தாமிரபரணியில் குளித்த மாணவர்களைப் போலீசார் நேற்று எச்சரித்தனர்." குளித்ததுதான் நேற்று என்றால் முதல் வாக்கியத்தை அப்படியே விட்டு, எச்சரித்தனருக்கு முன் 'இன்று' சேர்த்தால் போதும்.

இடம் மாற்றியும் தீராத இடம் ஒன்று உண்டு: எதிர்மறை. "பயத்தில் ஓடவில்லை" என்பவர் பயந்துபோய் அங்கேயே நின்றிருக்கலாம். ஓடியும் இருக்கலாம், ஆனால் காரணம் பயம் இல்லை. 'இல்லை' என்பது ஓட்டத்தை மறுக்கிறதா, பயத்தை மறுக்கிறதா என்று சொல்வரிசை காட்டாது. இங்கே வாக்கியத்தையே உடைக்க வேண்டும்: "பயந்துபோய் ஓடாமல் நின்றான்", அல்லது "அவன் ஓடியது பயத்தால் அல்ல".

'போட்டுவிட்டு' போல இன்னொரு வினையை எதிர்பார்த்து நிற்கும் வினையெச்சத்திலும் இதே கதை. "மாத்திரை போட்டுவிட்டு வரவில்லை" என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினால், நோயாளி வந்தாரா என்பதே தெரியாது. வந்திருந்தால் "மாத்திரை போடாமல் வந்தார்" என்றும், வராவிட்டால் "மாத்திரை போட்டார், ஆனால் வரவில்லை" என்றும் எழுத வேண்டும். ஒரு சொல் கூடினால் கூடட்டும்.